துபாய் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க: எதை முதலில் செய்வது, எதற்கு அவசரப்படக் கூடாது

ஊரிலிருந்து துபாய்க்குக் குடும்பத்தைக் கூட்டி வருகிறவர்களோடு உட்கார்ந்து, பிள்ளைகளின் பள்ளி வேலையை ஆறேழு வருஷமாகப் பார்த்துத் தருகிறேன். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம் வரிசைதான். டி.சி.யை முதல் வேலையாக வாங்கிவிடுவார்கள், பெயர்த் திருத்தத்தைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், முன்பணத்தைக் கட்டிய பிறகு கம்பெனி எவ்வளவு தரும் என்று கேட்பார்கள். அதனால் இதை நான் செய்யச் சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது துபாய்க்கு மட்டும். இங்கே தனியார் பள்ளிகளைக் கவனிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. அபுதாபிக்கு அடெக், ஷார்ஜாவுக்கு ஸ்பியா என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன, விதிகளும் அங்கங்கே மாறும். 'துபாயில் என் மச்சானுக்கு இப்படித்தான் நடந்தது' என்பது ஷார்ஜாவில் செல்லாது.

1. எந்த வகுப்பில் ஊர் திரும்புவீர்கள்?

பள்ளிப் பெயர் எதையும் தேடுவதற்கு முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியது இது ஒன்றுதான். இரண்டு வருஷ ஒப்பந்தமா, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வரை இங்கேதானா? நிச்சயமாகத் தெரியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்படியானால் திரும்பிப் போக வழி எளிதாக இருக்கிற பாடத்திட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

காரணம், சில வகுப்புகளில் கதவு மூடிவிடும். சி.பி.எஸ்.இ.யில் 10-ஆம் வகுப்புக்கு நேராகச் சேர வேண்டுமென்றால், பொதுவாக 9-ஆம் வகுப்பை சி.பி.எஸ்.இ. இணைப்புள்ள பள்ளியில் முடித்திருக்க வேண்டும். 12-இல் சேர 11-ஐ முடித்திருக்க வேண்டும் என்பதிலும் இதே கதை. சமச்சீர்ப் பள்ளியில் 9 முடித்த பையனைக் கூட்டி வந்து இங்கே சி.பி.எஸ்.இ. 10-இல் உட்கார வைப்பது எளிதில் நடக்காது. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் இயர் 10, 11 (நம் 9, 10-ஆம் வகுப்பு) இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு, அதனால் இயர் 11-இல் நடுவே ஏறுவது பெரும்பாலும் நடக்காது. ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் டிப்ளமாவும் (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) இரண்டு வருஷப் படிப்புதான்.

ஆகவே பிள்ளை 8-ஆம் வகுப்புக்குள் இருந்தால் நிதானமாகத் தேடலாம். 9, 11 தொடக்கத்தில் வந்தால் பரவாயில்லை. 10 அல்லது 12-க்கு நடுவில் மாற்றல் வருகிறதென்றால், அப்பா முன்னால் வந்துவிட்டு அம்மாவும் பிள்ளையும் பரீட்சை முடித்துப் பின்னால் வருவதே நல்லது என்று நேராகச் சொல்லிவிடுவேன். கேட்க யாருக்கும் பிடிக்காது.

நீட், ஜே.இ.இ. எண்ணம் இருக்கும் வீடுகளில் சி.பி.எஸ்.இ. பக்கம் சாய்வது இயல்பு. ஐ.பி., ஏ லெவல் (பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ) படித்தாலும் இந்தியாவில் சேர வழி இருக்கிறது, ஆனால் நீட் என்றால் பாடத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும், ஜே.இ.இ. என்றால் உயிரியலுக்குப் பதில் கணிதத்தையும் விடாமல் எடுத்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு நம் பிளஸ் டூவுக்குச் சமம் என்று காட்டும் சமானச் சான்றிதழ் வேலையும் தனியாக இருக்கிறது. அந்தப் பாடத் தேர்வு நடப்பது பதினைந்து, பதினாறு வயதில். அப்போது யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

2. வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பள்ளி ஆண்டு இங்கே இரண்டு விதம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். ஏப்ரல் பள்ளிகளுக்கு வயதுக் கெடு மார்ச் 31. மற்றப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் 31 ஆக இருந்தது, 2026-27 கல்வியாண்டு முதல் கே.ஜி., முதல் வகுப்புச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய தேதியை மனப்பாடமாக வைத்திருக்கும் உறவினர்களிடம் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். குழந்தை 2019 நவம்பரில் பிறந்தது. ஊரில் 2025 ஜூனில் ஐந்தரை வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் போட்டுவிட்டோம். 2026 ஏப்ரலில் இங்கே இந்தியப் பள்ளிக்கு வந்தால், தாளில் குழந்தை 2-ஆம் வகுப்புக்குத் தகுதி, மார்ச் 31 கணக்கில் 1-ஆம் வகுப்பு வயது. எதில் எடுப்பார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பள்ளிக்கு மெயில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. ஒரு வருஷம் பின்னால் போகிறதே என்று தாத்தா பாட்டி வருத்தப்படுவார்கள். குழந்தை படப்போவதில்லை.

இன்னொரு குழப்பம்: பிரிட்டிஷ் பள்ளியின் 'இயர்' எண் நம் வகுப்பு எண்ணைவிட ஒன்று கூட. நம் 5-ஆம் வகுப்பு அங்கே இயர் 6. 'இரட்டை உயர்வு கொடுத்துவிட்டார்கள்' என்று ஓர் அப்பா இனிப்பு வாங்கி வந்தார். நான் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் விளக்கினேன்.

3. பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றுதானா?

நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல், இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் 'இலக்கியா' என்று மட்டும் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் 'ம. இலக்கியா'. பாஸ்போர்ட்டில் 'இலக்கியா மணிகண்டன்'. ஆங்கில எழுத்தில் ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்பது மூன்றிலும் மூன்று விதம். ஊரில் இதை யாரும் சட்டை செய்வதில்லை. இங்கே கவுன்டரில் இருப்பவருக்கு இது மூன்று வேறு குழந்தைகள்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே மூலம், மற்றதெல்லாம் அதற்கு வர வேண்டும். பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கே 2022 நவம்பர் முதல் கெடுபிடி இருக்கிறது. அப்புறம் பள்ளிப் பதிவேட்டில் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுங்கள். டி.சி. எழுதுவதற்கு முன்பே பதிவேடு மாறியிருக்க வேண்டும், ஏனென்றால் டி.சி. பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதப்படும், எழுதிய பின் அடித்துத் திருத்திய டி.சி.யை மேலே எந்த அலுவலகமும் தொடாது.

பிறப்புச் சான்றிதழை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே வாங்கியதில் 'குழந்தையின் பெயர்' என்ற இடம் காலியாகவே இருக்கும், பல வீடுகளில் பத்து வருஷம் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பதிவு செய்ததிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கலாம். குழந்தையின் குடியிருப்பு விசாவுக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை, அதனால் இதைத் தள்ளிப் போட்டால் பள்ளியோடு விசாவும் நிற்கும்.

4. கம்பெனிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பணக் கணக்குப் போடுங்கள்

வேலை ஒப்பந்தத்தில் பள்ளிக் கட்டணம் உண்டு என்று இருந்தால் நான்கு கேள்விகளை மனிதவளத் துறையிடம் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு? எத்தனை பிள்ளைகளுக்கு? கே.ஜி.க்கும் உண்டா? பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா, நாம் கட்டி ரசீது காட்டித் திரும்பப் பெறுவதா? கடைசிக் கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். வந்த முதல் மாதத்திலேயே வீட்டு வாடகைக் காசோலை, வைப்புத்தொகை, பள்ளியின் முதல் பருவக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

கட்டணத்தைப் பள்ளி இணையதளத்தில் தேடி அலைய வேண்டாம். துபாயில் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கே.எச்.டி.ஏ. ஒப்புதல் தந்த கட்டணத் தாள் பொதுவில் இருக்கிறது. வகுப்புவாரிக் கட்டணம், பேருந்து, புத்தகம், சீருடை வரை அதில் பார்க்கலாம். ஒப்புதல் இல்லாமல் பள்ளி கட்டணத்தை ஏற்ற முடியாது. இப்போதைய வகுப்பை மட்டும் பார்க்காமல் மூன்று வகுப்பு தள்ளியும் பாருங்கள், மேலே போகப் போகக் கட்டணம் கூடும்.

5. பட்டியலைச் சுருக்குங்கள்: தூரம், இடம், அப்புறம்தான் தரம்

கே.எச்.டி.ஏ.யின் தர வரிசையில் மிகச் சிறப்பு முதல் மிகப் பலவீனம் வரை ஆறு படிகள். பெற்றோர் உச்சிப் படியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 2024-25 கல்வியாண்டில் புதிய பள்ளிகளைத் தவிர மற்றவற்றுக்கு முழு ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டது, ஆகவே அறிக்கை எந்த ஆண்டுடையது என்று முதலில் பாருங்கள். பட்டத்தைவிட அறிக்கையின் உள்ளே, உங்கள் பிள்ளை சேரப்போகும் கட்டத்துக்குக் கணிதமும் ஆங்கிலமும் எப்படி என்று இருக்கும் பக்கம்தான் எனக்கு முக்கியம். ஒரே பள்ளியில் கே.ஜி. நன்றாகவும் நடுநிலை சுமாராகவும் இருக்கும்.

அதற்கும் முன்னால் தூரம். கராமா, பர் துபாய், குஸைஸ், நஹ்தா என்று நம் ஆட்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து ஊத் மேத்தா, கர்ஹூத், குஸைஸ் பள்ளிகள் பக்கம்தான். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் வீடு பிடித்துத் துபாய்ப் பள்ளியில் போட்டால், காலை நெரிசலில் ஐந்து வயதுக் குழந்தை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகும். மறுபக்கம், ஷார்ஜாவில் பள்ளிகள் வாரம் நான்கு நாள்தான். துபாயில் வெள்ளி அரை நாள் உண்டு. அம்மா துபாயில் வேலை பார்த்து, பிள்ளை ஷார்ஜாவில் படித்தால் ஒவ்வொரு வெள்ளியும் யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

மொழியையும் கேளுங்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயம். அரபி தாய்மொழியல்லாத பிள்ளைகளும் 9-ஆம் வகுப்பு வரை அரபி படித்தாக வேண்டும். இரண்டாம் மொழியாகத் தமிழ் தருகிற இந்தியப் பள்ளிகள் சில உண்டு. 'தமிழ் இருக்கிறதா' என்று கேட்டால் ஆம் என்பார்கள். 'என் பிள்ளை வகுப்புக்கு இந்த வருஷம் ஆசிரியர் இருக்கிறாரா' என்று கேட்க வேண்டும்.

நான்கு பள்ளிக்கு மேல் பட்டியல் வேண்டாம். ஒன்று ஆசை, இரண்டு நடக்கக்கூடியது, ஒன்று நிச்சயம் இடம் இருப்பது. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது, பத்துப் பள்ளியில் போட்டால் அதுவே ஒரு தொகை.

6. விண்ணப்பமும் நேர்முகச் சந்திப்பும்

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிள்ளை, பெற்றோர் பாஸ்போர்ட் நகல்கள், விசாவும் எமிரேட்ஸ் ஐ.டி. என்ற அமீரக அடையாள அட்டையும் (வராவிட்டால் விண்ணப்பித்ததற்கான தாள்), பிறப்புச் சான்று, இரண்டு வருஷ மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை, புகைப்படம். தடுப்பூசி அட்டை ஊரில் தபால் அட்டை மாதிரி கசங்கிக் கிடக்கும், டாக்டரிடம் புதிதாக ஒரு பக்கத்தில் எழுதி முத்திரை வாங்கி வாருங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குப் பல பிரிட்டிஷ் பள்ளிகள் கேட்-4 என்ற திறன் தேர்வு வைக்கும். சொல், எண், உருவம், இடம் இவற்றில் யோசிக்கும் திறனைப் பார்ப்பது அது. பாடம் கேட்காது, டியூஷன் வைத்துப் பயனில்லை. கம்ப்யூட்டரில் மவுஸ் பிடித்துப் பழக்கமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சின்னக் குழந்தைகளை விளையாட விட்டுக் கவனிப்பார்கள். இங்கேதான் நம் அம்மாக்கள் சறுக்குவார்கள். ஒருமுறை கூடப் போயிருந்தேன். ஆசிரியை ஒரு பச்சை நிறக் கட்டையைக் காட்டி 'இது என்ன நிறம்' என்று கேட்கிறார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா 'சொல்லுடா கண்ணா, கிரீன் சொல்லு' என்கிறார். மூன்று கேள்வி இப்படியே போனது. நான்காவதில் குழந்தை ஆசிரியையைப் பார்க்கவே இல்லை, அம்மா வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையோடு முந்தின நாள் வேண்டுமானால் பேசிப் பழகுங்கள். அங்கே போனதும் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருங்கள்.

பேச்சுத் தாமதம், கற்றல் சிரமம், கவனக் குறைவு எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். மறைத்துச் சேர்த்தால் இரண்டாவது வாரமே தெரிந்துவிடும், அப்போது பள்ளியோடு உறவு கெட்டுப் போய்த் தொடங்கும். முன்பே அறிக்கையைக் கொடுத்து, தனி உதவியாளர் தேவைப்பட்டால் செலவு யாருடையது, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

7. இடம் கிடைத்த கடிதமும் முன்பணமும்

இடம் உண்டு என்று கடிதம் வந்ததும் பதிவுத் தொகை கேட்பார்கள். புதிய மாணவருக்கு ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை இருக்கலாம், பிறகு கட்டணத்தில் கழியும். கட்டுவதற்கு முன் கடிதத்தில் வகுப்பு, சேரும் தேதி, 'டி.சி. இந்தத் தேதிக்குள் தர வேண்டும்' என்ற வரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர்–பள்ளி ஒப்பந்தத்தையும் படித்துக் கையெழுத்திடுங்கள். பருவம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளை வகுப்பில் இருந்துவிட்டால் அந்தப் பருவக் கட்டணம் முழுதும் போகும். 'சேர்த்துவிட்டு வேறு பள்ளியில் இடம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

8. இப்போதுதான் டி.சி.

டி.சி. வாங்கிவிட்டால் ஊர்ப் பள்ளியில் பிள்ளையின் பெயர் நீங்கிவிடும். துபாயில் இடம் தவறினால் பழைய பள்ளியில் மறுபடி கெஞ்ச வேண்டும். அதனால்தான் இடக் கடிதம் கைக்கு வரும் வரை டி.சி.யைத் தொடாதீர்கள் என்கிறேன். ஆனால் பள்ளியிடம் வாய்மொழியாகச் சொல்லி வையுங்கள், நோட்டீஸ் கால விதி இருக்கிறதா, கட்டண பாக்கி எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். இங்கே 2-ஆம் வகுப்பிலிருந்து மேலே சேர டி.சி. தேவை, கே.ஜி.க்கும் முதல் வகுப்புக்கும் இந்தத் தொல்லை இல்லை.

இனி என் சொந்தக் கதை. என் மகளின் டி.சி.யில் 'மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றாரா, எனில் எந்த வகுப்பு' என்ற வரிசைக்கு எதிரே எழுத்தர் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டார். அன்று நான் முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அந்தக் கோட்டோடு மூன்று அலுவலகம் கடந்து, இங்கே பள்ளி அலுவலகத்தில் ஒரு பெண்மணி நகத்தால் அந்த இடத்தைத் தொட்டு, 'பிரமோட்டட் என்று எங்கே இருக்கிறது?' என்று கேட்டார். எல்லாம் முதலிலிருந்து. ஐந்து வாரம், இரண்டு முறை கூரியர், மகள் வீட்டில்.

அதனால் டி.சி.யைக் கையில் வாங்கிய இடத்திலேயே நின்று இவற்றைப் பாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்போல இருக்கிறதா, பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா, கடைசியாகப் படித்த வகுப்பு, தேர்ச்சி பெற்று எந்த வகுப்புக்கு உயர்த்தப்பட்டார், பள்ளியை விட்ட தேதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும். ஆங்கிலத்தில் கேளுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு என்று இன்னொரு படி கூடும்.

நாள்காட்டிச் சிக்கலும் உண்டு. ஊரில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடியும், இங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரல் தொடக்கத்திலேயே வகுப்பைத் தொடங்கிவிடும். தேர்வெழுதாமல் மார்ச்சிலேயே டி.சி. வாங்கினால் 'படித்துக்கொண்டிருக்கிறார்' என்று வரும், 'தேர்ச்சி' வராது. தேர்வை எழுதி முடித்துவிட்டு இரண்டு வாரம் தாமதமாகச் சேரப் பள்ளியிடம் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பிரிட்டிஷ் பள்ளி என்றால் ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.

9. அட்டெஸ்டேஷன் வரிசை

டி.சி.யும் பிறப்புச் சான்றும் உண்மையானவை என்று அலுவலகம் அலுவலகமாக முத்திரை வாங்குவதுதான் அட்டெஸ்டேஷன். இதில் குறுக்கு வழி இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தின அலுவலகத்தின் முத்திரையை மட்டுமே சரிபார்க்கும், அதனால் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்ததில் திருப்பி அனுப்புவார்கள்.

டி.சி.க்கு முதலில் கல்வித் துறை மேலொப்பம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அதன் மண்டல அலுவலகம், மாநிலப் பாடத்திட்டம் என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், அப்புறம் இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம். பிறப்புச் சான்றுக்கு முதல் படி மட்டும் வேறு: அங்கே மாநில உள்துறை. மற்ற மூன்றும் இதேதான், ஆகவே இரண்டையும் ஒரே முகவரிடம் ஒன்றாகக் கொடுங்கள்.

'அப்போஸ்டில் போட்டால் போதும் சார்' என்று சொல்லும் முகவரிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்போஸ்டில் என்பது அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் ஒற்றை முத்திரை. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, தூதரக முத்திரை வேண்டும். பெட்டியில் லேமினேஷன் செய்து வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழும் உதவாது, முத்திரை எங்கே குத்துவார்கள்? புதிய பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளை அனுப்பும் முன் இருபுறமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். அட்டெஸ்டேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஸ்கேனையும் முகவரின் ரசீதையும் துபாய்ப் பள்ளிக்கு அனுப்பி, அசல் வரும் வரை பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு தவணை தருகிற பள்ளிகள் உண்டு.

10. வந்து இறங்கிய பிறகு

அசல் தாள்களைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். எமிரேட்ஸ் ஐ.டி. வந்த அன்றே பள்ளிக்கு நகல் அனுப்புங்கள், பதிவு முழுமையாக அது வேண்டும். பள்ளிப் பேருந்துக்குத் தனியாகப் பதிய வேண்டும், சேர்க்கையோடு தானாக வராது. உங்கள் கட்டடம் அவர்கள் வழித்தடத்தில் இல்லாமலும் போகலாம், வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஒரு போனைப் போட்டுவிடுங்கள்.

அசல் டி.சி.யைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும், திரும்பத் தராது. கொடுப்பதற்கு முன், எல்லா முத்திரையும் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் இன்னொரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.